டெல்லியில் இன்று என்ன காற்று?

ஒவ்வொரு வருடமும் புரட்டாசி முடிகிற வாக்கில் எங்கள் தெருவில் ஏழிலைப்பாலை பூக்கத் தொடங்கும். கிழக்கு டெல்லியில், மயூர் விஹார் பக்கம், இந்த மரத்தைச் சாலையோரம் வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் வாங்க இறங்கினால் தெரு முழுக்க அந்த வாசனைதான், கொஞ்சம் ஏலக்காய், கொஞ்சம் பழைய ஊதுபத்தி, நெடுநேரம் நின்றால் தலைவலி. 2009-ல் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது மூக்கில் பட்டதுமே வயிற்றில் லேசாக ஒரு கலக்கம். மரத்தின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அது பூத்து இரண்டு மூன்று வாரத்தில் புகை வந்துவிடும், அவ்வளவுதான் விஷயம்.

புகை வந்ததும் தூத்துக்குடியிலிருந்து அம்மாவின் போன் வரும். "ஏய்யா, டிவியில டெல்லியக் காட்டுறான், ஒண்ணுமே தெரியல. நீ அதுக்குள்ள எங்கய்யா இருக்க?" என்பாள். நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். போன வருடம் அதோடு விடாமல் இன்னொன்றும் கேட்டாள்: "ஆவணியில நான் வந்திருந்தப்போ வானம் நம்மூரு மாதிரி நீலமாத்தானே இருந்துச்சு? அப்பவும் இதே காரு, இதே பஸ்ஸுதானே ஓடுச்சு?"

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. கார் அதே கார்தான். லாரி, கட்டட வேலை, தொழிற்சாலை, காஜிப்பூர் குப்பை மலை எல்லாமே ஆகஸ்டிலும் உண்டு. அக்டோபர், நவம்பரில் பஞ்சாப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் எரிக்கிற நெல் தாளையும் குளிருக்கு மூட்டுகிற நெருப்பையும் தனியாக எடுத்து வைத்துவிட்டால், இந்த ஊர் கக்குகிற அழுக்கு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அந்த அழுக்குக்கு மேலே கிடைக்கிற இடமும், அதைத் தள்ளிக்கொண்டு போகிற காற்றும், கழுவிவிடுகிற மழையும். இந்த மூன்றையும் எந்த முதலமைச்சரும் கொடுப்பதில்லை, டெல்லி உட்கார்ந்திருக்கிற இடம் கொடுக்கிறது.

என் தாத்தா உப்பளத்தில் கணக்கெழுதியவர். காலையில் வாசலில் வந்து நின்று வேட்டி நுனி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, அதாவது கோடைக்காற்று என்றால் முகத்தில் சிரிப்பு, உப்பு சீக்கிரம் விளையும். கொண்டல் என்றால் முகம் சுருங்கிவிடும், கிழக்கிலிருந்து மழை வந்து பாத்தியில் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். இங்கே பதினைந்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய பிறகு எனக்குப் புரிந்தது என்னவென்றால், தாத்தாவின் காற்றுக் கணக்கை அப்படியே தலைகீழாகப் போட்டால் டெல்லிக்குப் பொருந்துகிறது. கோடை அடித்தால் மண். வடக்கிலிருந்து வாடை அடித்தால் புகை. கொண்டல் அடித்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். தென்றல் என்கிற வார்த்தைக்கு இந்த ஊரில் வேலையே இல்லை.

வரைபடத்தைப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும். வடக்கே இமயமலை. தெற்கே விந்திய மலையும் மேட்டு நிலமும். நடுவில் பஞ்சாபிலிருந்து வங்காளம் வரைக்கும் நீளமாக ஒரு வாய்க்கால் மாதிரி கங்கைச் சமவெளி, அதன் மேல் கோடியில், கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்குச் சற்று மேலே டெல்லி. மேற்கே ராஜஸ்தான் பாலைவனம். கடல் எந்தப் பக்கம் போனாலும் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கடைசி விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் இருக்கிறது, துறைமுகத்து லாரிகள் இருக்கின்றன, அங்கே காற்று சுத்தம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வெயில் ஏறியதும் கடல்காற்று உள்ளே வரும், ராத்திரி தரைக்காற்று வெளியே போகும், தினமும் இரண்டு தடவை யாரோ வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகிற மாதிரி. டெல்லிக்கு அந்த வேலைக்காரி கிடையாது.

மழை இன்னொன்று. டெல்லியின் வருடாந்திர சராசரி சுமார் 770 மில்லிமீட்டர். தூத்துக்குடிக்கே அதைவிடக் குறைவுதானே, பிறகு இது எப்படி வறண்ட ஊர் என்று கேட்கலாம். விஷயம் மொத்தத்தில் இல்லை, அது வந்து விழுகிற விதத்தில் இருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் முக்கால் பங்குக்கு மேல் கொட்டித் தீர்த்துவிடும், மீதி மாதங்களில் மண் காய்ந்துகொண்டே இருக்கும், மே மாதம் 45 டிகிரி தொடுகிற வெயிலில் ஈரம் என்று ஒன்று மிஞ்சாது. புல் காய்ந்துபோகும், சாலையோர மண் மாவாகிவிடும், ஒவ்வொரு டயரும் அதைக் கிளப்பிவிட்டுப் போகும். நவம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வருடத்திலேயே அதிக மழை அந்த மாதம்தான், 350 மில்லிமீட்டருக்கு மேல். டெல்லியின் நவம்பர் சராசரி பத்து மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அங்கே வானம் தெருவைக் கழுவுகிற அதே வாரத்தில் இங்கே நாங்கள் துணியை நனைத்து ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருப்போம்.

துணி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் ஏக்யூஐ, அதாவது காற்றின் தரக் குறியீட்டு எண் (ஏற ஏற மோசம்), பார்ப்பதற்கு முன்னாலேயே காற்றின் கதை சமையலறை ஜன்னல் கம்பியில் தெரிந்துவிடும். மே, ஜூனில் துடைத்தால் துணி மஞ்சளும் பழுப்புமாக, கையில் உரசினால் நறநறவென்று இருக்கும், அது மண். நவம்பர் கடைசியில் அதே கம்பியைத் துடைத்தால் கறுப்பு, எண்ணெய்ப் பசை, சோப்பு போட்டாலும் லேசில் போகாது. ஒரே ஜன்னல், இரண்டு ஊர்.

முதலில் மண் கதை. ஏப்ரல் பாதியிலிருந்தே மேற்கிலிருந்து 'லூ' என்கிற அனல்காற்று அடிக்கத் தொடங்கும். சில நாள் மாலையில் மேற்கு வானம் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறும், மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் ஓடுவார்கள், அதுதான் 'ஆந்தி', புழுதிப்புயல். பல தடவை நாலு சொட்டு மழையோடு அது முடிந்துவிடும், வெயிலும் கொஞ்சம் குறையும், அதனால் டெல்லிக்காரர்களுக்கு ஆந்தி மேல் ஒரு செல்லம் உண்டு. மழை இல்லாமல் மண் மட்டும் வந்து தங்கிவிட்டால்தான் வினை. 2018 ஜூன் நடுவில் அப்படி ஆனது. மூன்று நாலு நாள் சூரியன் ஒரு வெள்ளித்தட்டு மாதிரி மங்கலாகத் தொங்கியது, கோடையிலேயே காற்று 'கடுமை' என்கிற கடைசிப் படிக்குப் போனது, கட்டட வேலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதுவரைக்கும் மாசு என்றால் குளிர்காலச் சமாசாரம் என்றே நினைத்திருந்தேன்.

இந்த மண்ணுக்கு நடுவில் நிற்கிற ஒரே ஆள் ஆரவல்லி மலைத்தொடர். குஜராத்தில் தொடங்கி சுமார் 700 கிலோமீட்டர் வந்து டெல்லியில் முடிகிறது. குடியரசுத் தலைவர் மாளிகை உட்கார்ந்திருக்கிற ரைசினா குன்றுகூட அதன் ஒரு துண்டுதான், இங்கே இருப்பவர்கள் பலருக்கே அது தெரியாது. இதைப் பாலைவனத்தைத் தடுக்கிற சுவர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறந்து வருகிற புழுதியை இந்தக் குட்டைக் குன்றுகள் என்ன செய்துவிட முடியும்? வேலி என்று சொல்லலாம். தரையை ஒட்டி உருண்டு வருகிற மணலை, புதரும் மரமும் இருக்கிற வரைக்கும், பிடித்து வைக்கும். அந்த வேலியையும் கல் உடைக்கிறவர்கள் பிய்த்துவிட்டார்கள். ராஜஸ்தானில் மட்டும் 31 குன்றுகளைக் காணவில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. கிணற்றைக் காணோம் என்று சினிமாவில் கேட்டுச் சிரித்திருக்கிறோம், இங்கே மலையைக் காணோம்.

ஆனாலும் கோடைப் புழுதியை என்னால் சகித்துக்கொள்ள முடிகிறது. பருமனான துகள், பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அதுவே போதும், மற்றவர்கள் தும்மி, இருமி, கழுவிக்கொள்ளலாம். பி.எம். 2.5 என்கிற நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரைக்கும் போய் ரத்தத்தில் கலக்கிறது. கோடையில் அது ஒப்பீட்டளவில் குறைவு. தரை கொதிப்பதால் காற்று பொங்கி மேலே போகிறது, மதிய நேரத்தில் புகைக்குப் பரவ இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இடம் கிடைக்கிறது, லூ வேறு அடித்துக்கொண்டு போகிறது. வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம், அது பாட்டுக்கு நமக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

குளிர்காலத்தில் அந்த இடம்தான் பறிபோகிறது. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் மெட்ரோ ஜன்னலில் பார்த்தேன். ப்ளூ லைன் ரயில் யமுனா பேங்க் தாண்டி ஆற்றைக் கடக்கும்போது கீழே படுகையில் காய்கறி போடுகிறவர்களின் குடிசைகள் தெரியும். ஜனவரி காலை ஏழரை மணிக்கு அங்கே அடுப்புப் புகை நேராக ஒரு தென்னை மர உயரத்துக்கு எழும், அப்புறம் எதிலோ முட்டின மாதிரி நின்று, பக்கவாட்டில் படுத்து, பாய் விரித்தது போலப் பரவிவிடும். மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று தோன்றும். நீண்ட இரவில் தரை வெப்பத்தை இழந்து சில்லென்று ஆகிவிடுகிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது, அதற்கு மேலே இருக்கிற காற்றோ வெதுவெதுப்பாக இருக்கிறது. வழக்கமாக மேலே போகப் போகக் குளிரவேண்டும், இங்கே தலைகீழ். கனத்த காற்று ஏறாது, ஏறாததால் அதில் கலந்த புகையும் ஏறாது. வறண்ட பிரதேசத்தில் மேகமும் ஈரமும் குறைவு என்பதால் தரையின் சூடு ராத்திரி தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும், மேலே இருக்கிற அந்த வெதுவெதுப்பான காற்று என்கிற மூடி இன்னும் கெட்டியாகும்.

ஒரு ஊதுபத்தியை ஹாலில் கொளுத்தினால் வாசனை. அதையே பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால்? டெல்லி டிசம்பரில் பீரோவுக்குள் வாழ்கிறது. கோடையில் கிலோமீட்டர் கணக்கில் இருந்த உயரம் குளிர்கால இரவில் சில நூறு மீட்டருக்கு இறங்கிவிடும், சில நாள் அதற்கும் கீழே. வானிலைத் துறை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புகை கலக்கக்கூடிய உயரத்தைக் காற்றின் சராசரி வேகத்தால் பெருக்குவார்கள். வருகிற எண் வினாடிக்கு 6,000 சதுர மீட்டருக்குக் கீழேயும், காற்றின் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கீழேயும் இருந்தால் மாசு கலையாது என்று அர்த்தம். உதாரணத்துக்கு, கோடையில் 3,000 மீட்டர் உயரம், வினாடிக்கு 4 மீட்டர் காற்று என்றால் 12,000. டிசம்பரில் 1,000 மீட்டரும் ஒன்றரை மீட்டர் காற்றும் என்றால் வெறும் 1,500. எட்டில் ஒரு பங்கு. அதே கார், அதே பஸ். அம்மாவுக்கு இதைப் போனில் சொன்னேன், "அப்ப மூடி வைச்ச சட்டியில தாளிக்கிற மாதிரின்னு சொல்லு" என்றாள். நான் இவ்வளவு நேரம் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

தீபாவளியை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அது ஒவ்வொரு வருடமும் நாட்காட்டியில் இடம் மாறுகிறது. 2021-ல் நவம்பர் 4 தீபாவளி, மறுநாள் டெல்லியின் ஏக்யூஐ 462. 2022-ல் அக்டோபர் 24, மறுநாள் 303. அந்த ஒரு வருடத்தில் டெல்லிக்காரர்கள் பட்டாசை வெறுத்துவிட்டார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை, எங்கள் தெருவில் இரண்டு வருடமும் காது கிழிந்தது. அக்டோபரில் இன்னும் கொஞ்சம் சூடு, கொஞ்சம் காற்று, தாள் எரிப்பும் உச்சத்துக்கு வரவில்லை, அதுதான் வித்தியாசம். 2023-ல் நவம்பர் 12 தீபாவளி, ஆனால் இரண்டு நாள் முன்னால் எதிர்பாராமல் ஒரு மழை பெய்து ஊரைக் கழுவிவிட்டது, பண்டிகையன்று ஏக்யூஐ 218, டெல்லித் தீபாவளிக்கு அது ராஜ மரியாதை. மறுநாள் 358. இடையில் ஒரு சந்தேகம், நம் ஊர் வழக்கப்படி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு இங்கே எல்லோரும் வெடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? மூடி அடிமட்டத்தில் இருக்கிற நேரம் அது. நல்ல வேளை, இவர்கள் சாயங்கால ஆட்கள்.

சென்னையிலும் இந்த மூடி இறங்கும், ஒரு நாள். போகிக் காலை. 2018 போகிக்குப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடுமாறின. ஆனால் வெயில் ஏறி, கடல்காற்றும் வந்தால் சென்னை தன் பாட்டுக்குப் பொங்கல் வைக்கப் போய்விடும். டெல்லிக்கு அந்தப் போகி எழுபது எண்பது நாள் நீள்கிறது, இதுதான் ஊருக்கு நான் சொல்கிற சுருக்கமான விளக்கம்.

இப்போது வாடை. செப்டம்பர் கடைசியில் பருவமழை விலகியதும் காற்று திசை மாறும். சரியாகச் சொன்னால் வடமேற்கு, தாத்தா இருந்தால் வாடைக் கணக்கில்தான் சேர்த்திருப்பார். அது பஞ்சாப், ஹரியானா வயல்கள் மேலாக வருகிறது, அங்கே அந்த நேரம் பார்த்து நெல் அறுவடை. ஏன் அந்த நேரம்? இங்கேதான் எனக்கு ஒரு சுவாரஸ்யமான கசப்பு இருக்கிறது. பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போகிறதே என்று 2009-ல், நான் டெல்லிக்கு வந்த அதே வருடம், ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: ஜூன் 10-க்கு முன்னால் நடவு கூடாது. வெயில் உச்சத்தில் வயலில் தண்ணீர் கட்டினால் ஆவியாகி வீணாகிறது, மழை நெருங்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஹரியானாவும் அதே வழியில் போனது. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும், நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாகவேண்டும், நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். மிஷின் அறுத்துவிட்டுப் போன தாள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும், அந்த நெல் தாளை மாடும் விரும்பித் தின்னாது, கூலி ஆள் கிடைக்காது, ஒரு தீக்குச்சிதான் மலிவு. முன்பு காற்று கொஞ்சம் உயிரோடு இருந்த அக்டோபர் தொடக்கத்தில் எரிந்தது, இப்போது காற்று படுத்துவிட்ட அக்டோபர் கடைசியில் எரிகிறது. தண்ணீரைக் காப்பாற்றப் போய் மூச்சில் கை வைத்த கதை. விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, வறண்ட மண்ணில் நெல் போடச் சொல்லிக் கொள்முதல் விலையும் கொடுத்தது யார் என்று கேட்டால் சாப்பிட்ட நாங்கள் எல்லோரும்தான் பதில் சொல்லவேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் தாள் மேல் போடுகிற டெல்லிக்காரர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. எரிப்பு உச்சத்தில் இருக்கிற சில நாட்களில் டெல்லியின் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அங்கிருந்து வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில் எரிக்க ஒன்றுமே இல்லை, கோதுமை பச்சையாக நிற்கிறது. அப்போதும் ஏன் 400? அது முழுக்க நம் சொந்தச் சம்பாத்தியம். பகலில் ஊருக்குள் விடாத கனரக லாரிகளை ராத்திரியில்தான் விடுகிறார்கள், சரியாக மூடி இறங்குகிற நேரத்தில். காவலாளிகள் குளிர் தாங்காமல் கிடைத்ததை எல்லாம் போட்டு 'அலாவ்' மூட்டுவார்கள், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், பழைய செருப்பு. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் காவலாளிக்கு ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று நான் சொல்லி மூன்று கூட்டம் முடிந்துவிட்டது, கரண்ட் பில் யார் கட்டுவது என்பதில் நிற்கிறது. தலைக்கு இரண்டு ஏர் ப்யூரிஃபையர் வைத்திருக்கிற ஆட்கள்.

அந்த பிளாஸ்டிக் விஷயம் லேசுப்பட்டதல்ல. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தலைமையில் 2021-ல் ஒரு ஆய்வு வந்தது, டெல்லியின் மூடுபனி ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் சில தொழிற்சாலைகளாலும் வெளியாகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம், காற்றில் ஏற்கெனவே நிறைய இருக்கிற அம்மோனியாவோடு குளிரில் சேர்ந்து ஒருவித உப்பாகிறது, அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கிறது, பார்வை மறைகிறது. உப்பளத்துக்காரன் பேரனான எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈரக்காற்றில் உப்பு கசியும் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது டெல்லி வானத்தில் நடக்கும் என்றுதான் தெரியாது.

ஒரு தடவை புகையால் டெஸ்ட் கிரிக்கெட்டே நின்றுபோனது ஞாபகமிருக்கலாம். 2017 டிசம்பரில் டெல்லி கோட்லா மைதானத்தில் இலங்கை வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு ஃபீல்டிங் செய்தார்கள், ஆட்டம் நடுநடுவே நின்றது, இங்கே பலர் அவர்கள் நாடகம் ஆடுவதாகக் கேலி செய்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு பக்கமும் கடல்காற்று அடிக்கிற தீவிலிருந்து வந்தவர்கள், அவர்கள் மூக்கு இன்னும் கெடவில்லை, அவ்வளவுதான். நம் மூக்குதான் பழகிவிட்டது.

தீர்வு என்ற பெயரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் கன்னாட் பிளேஸில் இருபது கோடிக்கு மேல் செலவழித்து ஒரு புகை உறிஞ்சிக் கோபுரம் வைத்தார்கள். மேலே கூரை இல்லாத ஊருக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். என் அலுவலகம் அந்தப் பக்கம்தான், அதன் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதைத் தவிர எனக்கு வேறு பலன் தெரியவில்லை. 2025 அக்டோபர் 28-ல் விமானத்தை விட்டு மேக விதைப்பு செய்து பார்த்தார்கள், கான்பூர் ஐஐடியோடு சேர்ந்து. மழை வரவில்லை, மேகத்தில் ஈரம் 15, 20 சதவீதம்தான் இருந்ததாம். பருவமழை விலகிய பிறகு வறண்ட நிலத்தின் வானத்தில் வேறு என்ன இருக்கும்? விதை நல்ல விதையாகவே இருக்கட்டும், மண்ணில் ஈரம் வேண்டாமா. உருப்படியாக நடந்தது என்றால் நான் வருவதற்கு முன்னால் நடந்ததுதான், உச்ச நீதிமன்றம் 1998-ல் உத்தரவு போட்டு, 2002 கடைசிக்குள் பஸ்களை எல்லாம் சிஎன்ஜி என்கிற இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற வைத்தது. அது மூடியோடு மல்லுக்கட்டவில்லை, சட்டிக்குள் போடுவதைக் குறைத்தது.

கொண்டலைப் பற்றி எழுத அதிகம் இல்லை, நல்ல விஷயத்துக்கு எப்போதும் கதை குறைவு. ஜூன் கடைசி வாரத்தில் கிழக்கிலிருந்து ஈரக்காற்று வரும், மழை விழும், மண் அடங்கும், ஜூலை, ஆகஸ்டில் பல நாள் ஏக்யூஐ நூறுக்குக் கீழே இருக்கும், யாரும் அதைச் செய்தியில் போடமாட்டார்கள். வேர்க்கும், கொசு கடிக்கும், ஆனால் மொட்டை மாடியிலிருந்து அக்ஷர்தாம் கோயில் தெளிவாகத் தெரியும். குளிர்காலத்தில் மட்டும் கொண்டலை நம்பக் கூடாது. மேற்கிலிருந்து ஒரு மழைச் சலனம் நெருங்கும்போது ஓரிரு நாள் கிழக்குக் காற்று ஈரத்தோடு வரும், மழை பெய்யாமல் ஈரம் மட்டும் சேர்ந்தால் பனியும் புகையும் கட்டிக்கொண்டு நிலைமை இன்னும் மோசமாகும். நன்றாகப் பெய்துவிட்டு, பின்னாலேயே வேகமான வாடை அடித்தால், இரண்டு நாளைக்கு விடுதலை. வாடையிலும் நல்ல வாடை, கெட்ட வாடை உண்டு, வேகம்தான் வித்தியாசம்.

இதெல்லாம் தெரிந்து என்ன லாபம் என்று என் மனைவி கேட்பாள். நேரம் மாற்றிக்கொள்ளலாம், அதுதான் லாபம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை நடைப்பயிற்சி போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பூங்காவில் வட்டமாக உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்து விடுகிறார்கள், வருடத்திலேயே மோசமான காற்றை, நாளிலேயே மோசமான நேரத்தில். மாடி வீட்டு அங்கிளிடம் சொல்லிப் பார்த்தேன், முப்பது வருடமாக ஐந்து மணிக்கு நடக்கிறேன் பேட்டா என்றார், இருமிக்கொண்டே. குளிரில் வெளியே போகவேண்டுமானால் மதியம் இரண்டிலிருந்து நாலு, வெயில் தரையைச் சூடாக்கி மூடியைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற நேரம். மே மாதம் அப்படியே தலைகீழ், விடியற்காலை போகலாம், மதியத்துக்கு மேல் புழுதி. இதை என் மகன் படிக்கும் பள்ளிக்கும் மெயில் எழுதினேன் (பெயர் வேண்டாம்). நவம்பர் கடைசியில் காலை ஏழு மணிக்கு விளையாட்டு விழா வைத்திருந்தார்கள், ஜூலையில் மழை வரும் என்று பயமாம். பதில் வந்தது, "உங்கள் ஆலோசனைக்கு நன்றி." விழா ஏழு மணிக்கே நடந்தது. அவன் நானூறு மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தான், மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க இருமினான்.

2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் ஏக்யூஐ 494. அளவுகோலே 500-ல் முடிகிறது. அன்று அம்மா போனில் ஒன்றும் கேட்கவில்லை, "நீ ஊருக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இந்த வருடம் பேரனின் பிறந்தநாளுக்கு ஐப்பசியில் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். வேண்டாம், ஆவணியில் வா, அப்போது கொண்டல் இருக்கும் என்றேன். ஆவணியில் தெருக் கோயில் கொடை, வரமாட்டேன் என்றாள். மார்கழி, தை பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் மாசிக் கடைசி என்று முடிவானது. அந்தச் சமயம் குளிர் உடைந்து, காற்று லேசாக எழுந்து, புழுதி இன்னும் தொடங்காமல் ஒரு மூன்று வாரம் இந்த ஊர் மனிதர்கள் வாழ்கிற ஊர் மாதிரி இருக்கும், இலவ மரமெல்லாம் சிவப்பாகப் பூத்து நிற்கும். திருநெல்வேலியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் நிஜாமுதீனில் இறங்கலாம், கீழ் பெர்த் கேட்டிருக்கிறாள். போனை வைக்கும் முன்னால், "அந்த வாசனை மரம் அப்ப பூத்திருக்குமா?" என்று கேட்டாள். இல்லம்மா, அது ஐப்பசியில்தான் என்றேன். "ஒரு பூவக்கூட நிம்மதியா மோந்து பாக்க முடியாத ஊரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.